கண்ணோரம் வைத்த மருந்து

இராசமலருக்கு இடது கண் கிடையாது. இரண்டு வயதில் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது கோழி கொத்திவிட்டது என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். அதனால் தும்பளையில் பிறந்த வீட்டிலும் சரி, ஏழாலையில் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலும் சரி, கோழி வளர்க்க அவள் சம்மதித்ததே இல்லை. அடுத்த வளவுக் கோழி வேலிக்குள்ளால் புகுந்து வந்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு விளக்குமாற்றோடு கிளம்பிவிடுவாள். இடது குழியில் கண்ணாடிக் கண் ஒன்று வைத்திருந்தாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரியாது. தெரிந்தபின் அவர்கள் எங்கே பார்த்துக் கதைப்பது என்று தடுமாறுவார்கள். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

பெண் பார்க்க வந்த சோமசேகரம் மட்டும் தடுமாறவில்லை. ஏழாலையில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரன். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, நேரே அவளுடைய முகத்தைப் பார்த்து, "களை பிடுங்க ஒரு கண் காணும்" என்றான். அங்கிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறாம் ஆண்டு தை மாதத்தில் கலியாணம் நடந்தது. அடுத்த வருடம் மதுரா பிறந்தாள்.

அதற்குள் சண்டை மறுபடி மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. எல்லா வீட்டிலும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுக் கொளுத்திய விளக்குத்தான். மதுராவுக்கு அந்த விளக்கென்றால் உயிர். முதலில் சொன்ன சொல்லே "லாம்பு".

ஒருநாள் பொழுதுபட்ட நேரம், சோமசேகரம் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். அவள் விளக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கிண்ணத்தில் மாப்பால் கரைத்துக்கொண்டிருந்த இராசமலர் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையின் இடது கருமணிக்குள் ஏதோ வெள்ளையாக, பூனையின் கண்போல மின்னி, மறுகணம் மறைந்துபோயிற்று.

"இஞ்சருங்கோ, பிள்ளையின்ரை கண்ணைப் பாருங்கோ."

"விளக்கு வெளிச்சம் பட்டா அப்பிடித்தான் தெரியும், மலர்" என்றான் அவன்.

அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. கணவன் தோட்டத்துக்குப் போனபின் பிள்ளையை எதிரே இருத்தி, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்துவாள். பிள்ளை பேசாமல் விளையாடிக்கொண்டிருக்கும். வலது கண்ணைப் பொத்துவாள். உடனே பிள்ளை சிணுங்கி, கையைத் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு கண்ணால் உலகத்தைப் பார்க்கிறவளுக்கு இதற்கு வேறு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் பிழையாக இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதேதான்.

கடைசியில் கணவனுக்குச் செய்து காட்டினாள். அவன் மண்வெட்டியைச் சுவரோடு சாத்திவிட்டு, "நாளைக்கு விடிய யாழ்ப்பாணம் போவம்" என்றான்.

பஸ் இல்லை. சைக்கிளில் பின்னால் அவளையும், அவள் மடியில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவன் பெரியாஸ்பத்திரிவரை மிதித்தான். கண் டொக்டர் கிறிஸ்துநாயகம் நடுத்தர வயதுக்காரர், மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து, கண்ணில் மருந்து விட்டு, கார் பற்றறியில் எரிகிற விளக்கொன்றைத் தலையில் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இருவரும் வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார்கள்.

டொக்டர் வெளியே வந்து அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இது புற்றுநோய். சின்னப்பிள்ளையளுக்குக் கண்ணுக்குள்ளை வாற சாதி. இடது கண் நிரம்பிப் போச்சு. அதை எடுத்தாத்தான் பிள்ளை மிஞ்சும். வலது கண்ணிலையும் ரெண்டு சின்னப் பொட்டு இருக்கு."

இராசமலர் பிள்ளையின் காலைப் பிடித்தபடி இருந்தாள். டொக்டர் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்கடை கண்ணுக்கு என்ன நடந்தது?"

"கோழி கொத்தினது, டொக்டர்."

அவர் எழுந்து, அவளுடைய முகத்தை வெளிச்சப் பக்கம் மெல்லத் திருப்பினார். "இமையிலை ஒரு கீறல்கூட இல்லை. கோழி கொத்தினதெண்டு ஆர் சொன்னது?"

"ஐயாதான்."

"ஐயா இருக்கிறாரோ?"

"ஓம். தும்பளையிலை."

"ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ. குறை பிடிக்கிறதுக்காகக் கேக்கேல்லை. உங்களுக்கும் இதே வருத்தமெண்டா, இது தாயிட்டையிருந்து பிள்ளைக்கு வந்தது. அப்பிடியெண்டா வலது கண்ணிலை இன்னும் பொட்டுகள் முளைக்கலாம். இனிப் பிறக்கிற பிள்ளையளையும் பிறந்த உடனை பாக்க வேணும்."

இராசமலரின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போயிற்று. அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். கணவனைத் தவிர வேறு யாருக்கும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே தும்பளைக்குப் போனார்கள். தகப்பன் தம்பிஐயா, சந்திக்குப் பக்கத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சாமான் வராததால் கடை பாதிக்குமேல் வெறுமையாகக் கிடந்தது. பேத்தியின் கண்நோயைக் கேட்டதும் அவருடைய முகம் கறுத்துவிட்டது. ஆனால் மகள் தன் கண்ணைப் பற்றிக் கேட்டபோது, மருமகனை ஒருமுறை பார்த்துவிட்டு, "கோழிதான் பிள்ளை. எத்தினை தரம் சொல்லுறது" என்றார்.

"டொக்டர் அப்பிடியில்லையெண்டுறார், ஐயா."

"அவருக்கென்ன தெரியும்? அவரே பக்கத்திலை நிண்டவர்?"

சோமசேகரம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்து, காலியாய்க் கிடந்த சீனி மூடையின்மேல் உட்கார்ந்தான்.

"மாமா, நீங்கள் ஆருக்குப் பயப்படுறியள் எண்டு எனக்குத் தெரியும். நான் மலரை விட்டிட்டுப் போற ஆளில்லை. அங்கை பிள்ளையின்ரை மற்றக் கண்ணும் போகப் பாக்குது. சொல்லுங்கோ."

தம்பிஐயா தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கச் சொன்னார்.

"வெள்ளையா மினுங்கினது. கொழும்புக்குக் கொண்டுபோனம். நானும் செத்துப்போன உன்ரை அம்மாவும். கண்ணை எடுக்காட்டில் பிள்ளை செத்துப்போகும் எண்டு சொல்லிச்சினம். எடுத்துக்கொண்டு ரயிலிலை வரேக்குள்ளை கொம்மா சொன்னா, கோழி கொத்தினதெண்டு சொல்லுவம், கண்ணுக்குள்ளை புற்றெண்டு தெரிஞ்சா இவளை ஆர் கட்டுவினம் எண்டு. பிறகு அதுவே உண்மை மாதிரிப் போச்சு. இது பிள்ளையளுக்கும் வருமெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை. சத்தியமா எனக்குத் தெரியாது."

இராசமலருக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. வயிற்றுக்குள் இருந்த பிள்ளையைப் பற்றிய பயம் வேறு எதற்கும் இடம் விடவில்லை. "சரி, ஐயா" என்று சொல்லிவிட்டு மதுராவைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். வழி நெடுக, தன் இரத்தம்தான் இதைக் கொண்டுவந்து கொடுத்தது என்ற ஒரே நினைப்பு. வல்லை வெளியில் எதிர்க்காற்றுக்கு மிதித்துக்கொண்டிருந்த சோமசேகரம் திரும்பாமலே, "நீர் அழவேண்டாம், மலர். உமக்கும் ஆரோ தந்ததுதானே" என்றான்.

இடது கண்ணை எடுத்தார்கள். வலது கண்ணைப் பற்றி டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: உயிருக்குப் பயமில்லாத வழி என்றால் அதையும் எடுப்பதுதான், ஆனால் பொட்டுகள் சின்னவை, மருந்தால் கருக்கிப் பார்க்கலாம், புற்றுக்குக் கதிர் பிடிக்கிற ஆஸ்பத்திரி இப்போது இராணுவம் பிடித்த பக்கத்தில் எட்டாமல் கிடக்கிறது, கொழும்புக்குப் போவதென்றால் தரைப்பாதை பூட்டிக் கிடப்பதால் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போகவேண்டும், அங்கே வெடிபட்டுச் செத்தவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும்.

"மருந்தைக் குடுத்துப் பாருங்கோ, டொக்டர்" என்றாள் இராசமலர். சொல்லி முடித்த கணத்திலிருந்து, பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. கண்ணைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையை இழந்தால் அதற்கு அவள்தானே காரணம்.

முதல் முறை மருந்தைக் கை நரம்பில் ஏற்றினார்கள். இரண்டு வகை மருந்து. தலைமயிர் கொத்துக் கொத்தாகத் தலையணையில் ஒட்டியது. பிறகு காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது, யாரும் கிட்டப் போகக்கூடாது என்றார்கள். வார்ட்டின் கடைசிக் கட்டிலில், வெள்ளைச் சீலையொன்றை மறைப்பாகக் கட்டி, இராசமலர் பிள்ளையோடு கிடந்தாள். கொதித்தாறிய தண்ணீரால் கையைக் கழுவிக் கழுவித் தோல் வெடித்துப்போயிற்று. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்ப்பாள். கோட்டைப் பக்கம் ஷெல் விழுந்தால்கூட அவளுக்குக் கேட்காது. பிள்ளையின் மூச்சுத்தான் கேட்கும்.

ஒருபடியாகக் காய்ச்சல் விட்டது. அடுத்த முறைக்கான மருந்து கொழும்பிலிருந்து வரவேண்டும். அவற்றில் ஒன்று குளிரிலேயே இருக்கவேண்டிய மருந்து. சோமசேகரத்தின் ஒன்றுவிட்ட தமையன் கனகரத்தினம் வியாபாரத்துக்காகக் கொழும்பு போய் வருகிறவர். அவர் மருந்துப் போத்தலைச் சுடுதண்ணிப் பிளாஸ்க் ஒன்றுக்குள் ஐஸ்கட்டியோடு வைத்து, வவுனியாவில் ஒரு பகலும் கிளாலிக் கரையில் இன்னொரு பகலும் காத்துக் கிடந்து, வள்ளமேறிக் கொண்டுவந்து சேர்த்தார். டொக்டர் பிளாஸ்கைத் திறந்தபோது ஐஸ் கரைந்து தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"பாத்தா ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனா சூடு பட்டா இது பழுதாப் போயிடும். எவ்வளவு பழுதெண்டு சொல்லேலாது. தெரியாத மருந்தை இந்தப் பிள்ளைக்கு ஏத்தமாட்டன்."

கனகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அண்ணை, நீங்கள் செய்யக்கூடினதைச் செய்திட்டியள்" என்று இராசமலர்தான் அவரைத் தேற்றவேண்டியிருந்தது.

இரண்டு கிழமை கழித்து டொக்டர் அவர்களைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் சின்னப் போத்தல் ஒன்று இருந்தது. இது வேறு மருந்து, நிவாரணக் கப்பலில் வந்தது, குளிர் தேவையில்லை என்றார்.

"கை நரம்பிலை ஏத்திற மருந்து உடம்பெல்லாம் சுத்திப்போட்டுத்தான் கண்ணுக்குப் போகுது. கண்ணுக்குள்ளை போய்ச் சேருறது சொட்டு. மிச்சமெல்லாம் இரத்தத்தைக் கெடுக்குது. போன முறை அதுதான் நடந்தது."

சோமசேகரம் யோசித்துக்கொண்டே, "ஒரு பாத்தி வாடுதெண்டு தோட்டம் முழுக்க வெள்ளம் விட்ட மாதிரி" என்றான்.

"ஓம், அப்பிடித்தான். அதாலை மருந்தைக் கண்ணுக்குப் பக்கத்திலையே வைச்சால் என்ன எண்டு யோசிக்கிறன். கண்முழிக்கு வெளியாலை, அதை மூடியிருக்கிற மெல்லிசுத் தோலுக்குக் கீழை ஊசியாலை விடுறது. அங்கையிருந்து உள்ளுக்கு ஊறிப் போகும். உடம்புக்குப் போறது குறையும்." அவர் போத்தலை மேசையில் தள்ளி வைத்தார். "வெளிநாட்டிலை சில பேர் இதைச் செய்து பாக்கினம் எண்டு வாசிச்சனான். நான் செய்ததில்லை. இஞ்சை ஒருத்தரும் செய்ததா எனக்குத் தெரியாது. கண் கடுமையா வீங்கும். நரம்புக்குப் பழுது வந்தாலும் வரலாம். மருந்து கேக்காமலும் விடலாம்."

"வீங்கினாப் பிறகு பாக்குதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் இராசமலர்.

"வீக்கம் வத்துமட்டும் தெரியாது, தங்கச்சி. எனக்கும் தெரியாது."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். கடைசியில் இருவரும் ஒன்றாகவே தலையசைத்தார்கள்.

டொக்டர் சொன்னதைவிடக் கண் மோசமாக வீங்கிற்று. இமை உருண்டு, பளபளத்து, கொஞ்சமும் திறக்க வழியில்லாமல் மூடிக்கொண்டது. இடது பக்கம் வெறும் குழி. அந்த நாட்களில் மதுராவுக்கு உலகம் முழுவதும் இருட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்தபின், வெயில் கொளுத்துகிற நடுமத்தியானத்தில் பிள்ளை கையை நீட்டி, "லாம்பு, லாம்பு" என்று கேட்டது. விளக்கை ஏற்றச் சொல்கிறது. இராசமலர் அடுப்படிக்குள் போய்ச் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அதன்பிறகு பிள்ளையின் கையை அவள் விடவே இல்லை. சமைக்கும்போதும் இடுப்பில்தான். எதைச் செய்தாலும் வாயால் சொல்லிக்கொண்டே செய்தாள். "அம்மா இப்ப அரிசி களையிறன். இது தண்ணிச் சத்தம். இது சுளகு, தொட்டுப் பாருங்கோ." ஒருநாள் குண்டு போடுகிற பொம்பர் இரைந்துகொண்டு வர, எல்லோரும் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடினார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே இருட்டென்று வீரிட்டு அழுதார்கள். மதுரா அழவில்லை. அவளுக்கு ஒன்றும் மாறவில்லை. அதைக் கவனித்த இராசமலர் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். இனி இப்படியேதானோ, நான் கேட்டு வாங்கிக் கொடுத்த இருட்டோ என்று அந்தக் குழிக்குள் அவள் நினைத்தாள்.

தினமும் காலையில் கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையைத் துடைப்பாள். வீக்கம் மெல்ல மெல்ல இறங்கிற்று. ஒருநாள் துடைக்கும்போது இமைக்கு நடுவில் நூலளவு இடைவெளி தெரிந்தது. உள்ளே சிவப்பு. கறுப்பு அசைந்ததா என்று அவளுக்கு நிச்சயமில்லை. விளக்கைக் கொண்டுவந்து காட்டப் பயமாக இருந்தது. பிள்ளை அதைப் பார்க்காவிட்டால் என்ன செய்வது? காட்டாமலே விட்டாள்.

அந்த நேரம் சோமசேகரம் தோட்டத்தால் வந்தான். வெங்காயம் கட்டிவிட்டு வந்த உடம்பு. குனிந்து மகளைத் தூக்கினான். பிள்ளை தலையைச் சரித்து, அவனுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வியர்வையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகொன்றை இரண்டு விரலால் பிடித்து எடுத்தது. எடுத்து அவனுடைய வாய்க்குள் வைக்கப் பார்த்தது.

இராசமலர் கையிலிருந்த பஞ்சைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கணவன் என்னவென்று கேட்டான். அவள் பிள்ளையின் விரலிலிருந்த சருகைக் காட்டினாள்.

அதன்பிறகு இடைவெளி விட்டு இன்னும் மூன்று முறை அப்படி மருந்து வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வீக்கம், இருட்டு, காத்திருப்பு. பழகிவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பழகவில்லை. நாலாவது முறை முதல் முறையைவிடப் பயமாக இருந்தது, இப்போது இழப்பதற்குப் பார்வை இருந்தது என்பதால். ஆனால் காய்ச்சல் ஒருமுறையும் வரவில்லை. மயிர் மறுபடி சுருண்டு முளைத்தது. ஒவ்வொரு முறையும் மயக்கத்தில் வைத்துப் பார்த்த டொக்டர், பொட்டுகள் சுருங்கிச் சுண்ணாம்புத் துகள்போல வெளுத்துப்போய்விட்டன என்றார்.

மகன் கபிலன் தொண்ணூற்று மூன்றில் பிறந்தான். அவனைக் குளிப்பாட்டி முடிய முன்னரே இராசமலர் கண்ணைத்தான் பார்த்தாள். பிறந்த கிழமையிலேயே டொக்டரிடம் கொண்டுபோனார்கள். ஒன்றுமில்லை. அடுத்த மாதமும் ஒன்றுமில்லை. ஐந்தாம் மாதம் டொக்டர் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் குனிந்திருந்தார்.

"இடது கண்ணிலை ஒண்டு. கடுகிலும் சின்னன்" என்றார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு உடனே தொடர்ந்தார்: "இவ்வளவு சின்னதா நான் இதுவரைக்கும் கண்டதில்லை, தங்கச்சி. எல்லாரும் மினுங்கத் தொடங்கினாப் பிறகுதான் கொண்டு வருவினம். உங்கடை ஐயா வாய் திறந்தபடியாலைதான் இதைப் பிடிச்சம்."

இருமுறை மருந்து வைத்ததும் அது வெளுத்துவிட்டது. அவனுடைய இரண்டு கண்ணும் தப்பின. டொக்டர் அதைச் சொன்ன அன்று பின்னேரமே இராசமலர் தகப்பனுக்கு ஆள் அனுப்பினாள். தம்பிஐயா மாட்டுக்கு ஒரு மூடைத் தவிட்டோடும் இரண்டு தேங்காயோடும் வந்து, பேரனைத் தூக்காமல் தள்ளி நின்று பார்த்தார். அவள்தான் பிள்ளையைக் கொண்டுபோய் அவருடைய கையில் கொடுத்தாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிகிற நேரம், இராணுவம் முன்னேறி வர, ஏழாலையும் சேர்ந்த வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. கார்த்திகை மாதம் பிள்ளைகளை டொக்டரிடம் காட்டவேண்டிய மாதம். மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது, சுற்றி இருந்தவர்கள் விட்டுவந்த வீட்டையும் மாட்டையும் சொல்லி அழுதார்கள். இராசமலருக்கு வீடு ஞாபகத்துக்கே வரவில்லை. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "கண் டொக்டர் கிறிஸ்துநாயகம் எந்தப் பக்கம் போனவர் எண்டு தெரியுமோ?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அங்கிருந்து தும்பளைக்குப் போய்ச் சேர்ந்தபின், பக்கத்து மந்திகை ஆஸ்பத்திரியில் டொக்டர் இருப்பதாகக் கனகரத்தினம் செய்தி கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காயக்காரர் கிடந்தார்கள். காலையில் போனவர்களைப் பின்னேரம்தான் கூப்பிட முடிந்தது. டொக்டர் இன்னும் மெலிந்து, சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். யன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கி, இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். மதுராவுக்கு இப்போது மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. மேலே பார், கீழே பார் என்றால் பார்த்தாள். கபிலனைத்தான் தகப்பன் இறுக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. இராசமலர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை" என்று சொல்லி டொக்டர் போர்வையை விலக்கினார். "எல்லாம் அப்பிடியே அடங்கிக் கிடக்கு. இனி மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் காட்டினாக் காணும்."

"மூண்டு மாசத்திலை நீங்கள் எங்கை இருப்பியள், டொக்டர்?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "தெரியாது, தங்கச்சி. நான் எங்கை இருந்தாலும் தேடிக்கொண்டு வாங்கோ. என்னைக் காணாட்டில் வேறை கண் டொக்டரைத் தேடுங்கோ. நடந்ததை மறைக்காமல் முழுக்கச் சொல்லுங்கோ. விடக்கூடாது."

"விடமாட்டன்" என்றாள் அவள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சோமசேகரம் மகனைச் சைக்கிள் பாரில் இருத்தினான். இராசமலர் மதுராவுக்குப் பொலித்தீன் பையொன்றைத் தலைக்குக் கவிழ்த்துக் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு, காயக்காரரின் கால்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து ரோட்டுக்கு இறங்கினாள்.